புதுப்பிப்பு: கோடையில் நீர்த்தேக்கத்தில் கெண்டை கடிக்காத சிக்கல்

வெயில் காலத்தில் ஆழத்தில் தூண்டில் போட்டும் கெண்டை சீந்தவே இல்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

இரையை மாற்றியதில் பலனில்லை. பலித்தது, மிதவையை முள்ளுக்கு நெருக்கி இரையைப் பாதி ஆழத்தில் நிறுத்தச் சொன்ன யோசனைதான். கோடையில் ஆழமான நீர்த்தேக்கத்தில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் அடுக்காகப் பிரிந்துவிடும். அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்துபோனால் மீன் அங்கே தங்காது. கூடவே, காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வரும் கரைப் பக்கம் மாறினேன். மிதவை லேசாக நடுங்கியது, அப்புறம் சாய்ந்து வழுக்கிக்கொண்டே போனது. கெண்டையேதான்!

எதிர்பாராதது ஒன்று: மதகு திறந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் கடி சட்டென நின்றுவிட்டது. கிளம்பும் முன் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மதகுப் பக்கம் மட்டும் இறங்கவே வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும்.