அன்பியக் கூட்டத்தில் பகிர்வு நேரம் வந்தாலே எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள், என்ன செய்யலாம்?

மூன்றுதெரு:
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள்) அன்பியங்களை, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்களை, புதிதாகப் பிரித்தபோது எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருக்களையும் சேர்த்து ஒரு அன்பியம் ஆக்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் முப்பது குடும்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் ஒரு வீட்டில் கூடுகிறோம். செபமாலை, ஒரு பாட்டு, விவிலிய வாசகம், அதற்குப் பிறகு எங்கள் அன்பியத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து மறையுரை மாதிரி நீளமாகப் பேசுவார், அப்புறம் திருவிழா வரி, அறிவிப்பு, டீ, வடை. பகிர்வு என்று ஒன்று, அவரவர் மனதில் இருப்பதைத் திறந்து பேசும் நேரம், தாளில் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரே ஒரு முறை ஓர் அக்கா தன் மகனின் குடிப்பழக்கத்தைச் சொல்லி அழுதார்கள், அடுத்த ஞாயிறு பூசைக்குள் அது கோயில் வாசல் வரை பேச்சாகிவிட்டது. அவர்கள் இப்போது வருவதில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவர் பாரம் இன்னொருவருக்குத் தெரியாமல் வாழ்கிறோமே என்று மனது கிடந்து தவிக்கிறது. உங்கள் ஊர்களில் எப்படி நடத்துகிறீர்கள்?

தென்கடற்கரை:
அண்ணா, நான் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம். எங்களிடமும் முதலில் செபமாலையும் வரியும்தான். நிலைமை மாறியது ஏழு படி முறையை ஒழுங்காகப் பிடித்த பிறகு. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற மேய்ப்புப்பணி நிறுவனத்தில் உருவாக்கிய முறை அது. குருவோ பெரிய படிப்போ இல்லாமல் சாதாரண மக்கள் கூடி நற்செய்தி வாசிப்பதற்காகவே செய்தது. முதலில் ஆண்டவரை அழைக்கிறோம், பகுதியை வாசிக்கிறோம், மூன்றாவது படியில் அவரவர் மனதில் பட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ அப்படியே உரக்கச் சொல்கிறோம், விளக்கம் எதுவும் கூடாது. பிறகு மௌனம், அப்புறம்தான் பகிர்வு, அதற்குப் பிறகு நாம் செய்யவேண்டிய காரியம் என்ன என்று பேசி முடிவெடுப்பது, கடைசியில் அவரவர் சொந்த வார்த்தையில் செபம்.

என் அனுபவத்தில் எல்லாமே அந்த மூன்றாவது படியில்தான் இருக்கிறது. பேசத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்கூட ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார். லூக்கா 5-ஆம் அதிகாரம், இரவெல்லாம் வலை வீசியும் மீன் கிடைக்காத சீமோனின் பகுதி, வாசித்த அன்று, கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெரியவர், கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர், "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற தொடரை மட்டும் சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். பகிர்வு நேரம் வந்ததும், கரைக்கு வெறும் வலையோடு வந்து வீட்டுக்குப் போகக் கால் வராமல் மணலில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி அவரே பேசினார். யாரும் ஆறுதல் சொல்ல ஓடவில்லை, விளக்கம் கொடுக்கவில்லை. அப்படியே கேட்டோம். மௌனத்தைக் கண்டு பயந்து உடனே பாட்டைத் தொடங்கிவிடாதீர்கள், அதுதான் பல இடங்களில் நடக்கிறது.

பழையமெதடிஸ்ட்:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, எங்கள் குடும்பம் 1947-இல் சபைகள் இணைவதற்கு முன்னால் வெஸ்லியன் மெதடிஸ்ட். உங்கள் பதிவில் "திருவிழா வரி" என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் பிறந்த கதை இதற்கு நேர் எதிர். 1742-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் ஆராதனைக் கட்டிடத்தின் கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் அங்கே குடியும் சண்டையும் கஷ்டமும் இருப்பதை நேரில் பார்த்தார்கள். வெஸ்லி அதைக் கேட்டதும் இதுதான் நமக்கு இவ்வளவு நாள் தேவைப்பட்டது என்று பிடித்துக்கொண்டார், அந்தப் பன்னிரண்டு பேரும் வாரம்தோறும் ஒன்றாகக் கூடி அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் கூட்டமாக அது வளர்ந்தது. அங்கே வசூலில் தொடங்கியது மனிதரிடம் போய்ச் சேர்ந்தது, உங்களிடம் மனிதரைப் பார்க்கக் கூடியது வசூலில் போய் முடிகிறது. தயவுசெய்து வரியைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். வரி பாக்கி வைத்திருக்கும் குடும்பம் அந்த நாளில் கதவைத் திறக்காது, அவர்களுக்குத்தான் கூட்டம் அதிகம் தேவை. இன்னொன்று, முப்பது குடும்பம் பகிர்வுக்குப் பெரிய கூட்டம். செபம் முடிந்ததும் எட்டு, பத்துப் பேராகப் பிரிந்து உட்காருங்கள்.

கிணற்றடி:
வடையையும் விட்டுவிடுங்கள் தம்பி. எங்கள் அன்பியத்தில் ஒரு வீட்டில் வடை, அடுத்த வீட்டில் வடையும் கேசரியும், அதற்கடுத்த வீட்டில் டிபன் என்று ஏறிக்கொண்டே போய், வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கும் குடும்பங்கள் "எங்கள் வீட்டில் இடமில்லை" என்று சொல்லத் தொடங்கின. உண்மையில் இடம் பிரச்சினை இல்லை. இப்போது எல்லா வீட்டிலும் கடுங்காப்பி மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம், அந்த வீடுகளிலும் கூட்டம் நடக்கிறது.

அந்த அக்காவை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்காதீர்கள், மகன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் பக்கத்து ஊரில் நடந்தால் விசாரித்து வைத்துக்கொண்டு போங்கள். அங்கே பேசியது அங்கேயே நிற்கும் என்பதால்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு திறந்து பேசுகிறார்கள். நம் அன்பியத்திலும் ஒவ்வொரு பகிர்வுக்கும் முன்னால் அந்த வாக்கை எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மூன்றுதெரு:
எல்லோருக்கும் நன்றி. வரியைப் பிரிப்பது பற்றி ஃபாதரிடம் பேசுகிறேன், அக்கா வீட்டுக்கு இந்த வாரமே போகிறோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். வாத்தியார் நல்ல மனிதர், எனக்கே பாடம் எடுத்தவர். அவரை எப்படி நிறுத்துவது?

தென்கடற்கரை:
நிறுத்தாதீர்கள் அண்ணா, வாசகத்தை அவரிடம் கொடுங்கள். நிறுத்தி, நிதானமாக, இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள், வாத்தியார் குரலுக்கு அது அருமையாக இருக்கும். பகிர்வில் எல்லோரும் "நான்" என்றுதான் தொடங்க வேண்டும், "நாம்", "நீங்கள்" வேண்டாம் என்று பொதுவாக ஒரு வழக்கம் வையுங்கள். "நாம் எல்லோரும் மனம் திரும்ப வேண்டும்" என்று ஒரு மணி நேரம்கூடப் பேசலாம், "நான்" என்று ஆரம்பித்தால் அவ்வளவு நீளம் போகாது. முன்கூட்டியே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் வைத்துச் சொல்ல வேண்டாம்.