அடுத்த கணுவைத் தேடும் நிரல் 40-க்கும் 45-க்கும் இடையே மாட்டிக்கொள்கிறது

கேள்வி

வணக்கம். பைனரி சர்ச் ட்ரீ எனப்படும் இருமத் தேடல் மரத்தில் (மதிப்பைத் தாங்கும் ஒவ்வொரு கணுவுக்கும் இடப்புறம் சிறிய மதிப்புகளும் வலப்புறம் பெரிய மதிப்புகளும் இருக்கும் அமைப்பு), கொடுக்கப்பட்ட கணுவுக்கு ஏறுவரிசையில் அடுத்து வரும் கணுவைத் தரும் செயற்கூறு ஒன்றை எழுதியுள்ளேன். மரத்தில் 50, 30, 70, 20, 40, 60, 80, 35, 45 ஆகிய மதிப்புகளை இதே வரிசையில் நுழைத்துள்ளேன். ஒவ்வொரு கணுவிலும் இடது, வலது பிள்ளைகளைக் காட்டும் சுட்டிகளுடன், மேலே உள்ள கணுவைக் காட்டும் பெற்றோர்ச் சுட்டியும் உண்டு. வலது துணைமரம் இருந்தால் அதற்குள் இடப்புறமாகவே இறங்கி, கடைசியாக நிற்கும் கணுவைத் திருப்பி அனுப்புகிறேன். இல்லையென்றால் பெற்றோரை அனுப்புகிறேன். 20-க்கு 30, 35-க்கு 40, 60-க்கு 70 என்று விடை சரியாகவே வருகிறது. ஆனால் மிகச் சிறிய மதிப்பில் தொடங்கி, இதே செயற்கூறைத் திரும்பத் திரும்ப அழைத்து மரம் முழுவதையும் அச்சிட்டால், 20, 30, 35, 40, 45, 40, 45 என்று முடிவில்லாமல் ஓடுகிறது. பெற்றோர்ச் சுட்டிகள் அனைத்தையும் சரிபார்த்துவிட்டேன், அவற்றில் குறையில்லை. பிழை எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1

சுட்டிகளில் பிழை இல்லை. "இல்லையென்றால் பெற்றோர்" என்னும் விதிதான் அரைகுறையாக உள்ளது. நீங்கள் சோதித்த 20, 35, 60 ஆகிய மூன்றும் தத்தம் பெற்றோருக்கு இடது பிள்ளைகள் என்பதால் பெற்றோரே விடையாக அமைந்துவிட்டது. 45 அப்படியன்று, அது 40-இன் வலது பிள்ளை, ஆகவே 40 அதைவிடச் சிறியது, வரிசையில் ஏற்கெனவே கடந்துபோனது. அதையே திருப்பி அனுப்புவதால், 40 தன் வலது துணைமரத்தைப் பார்த்து மீண்டும் 45-ஐத் தருகிறது.

வலது பிள்ளையாக இருக்கும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த இடத்தில் இடது பிள்ளையாக நிற்கிறோமோ, அந்த இடத்துப் பெற்றோர்தான் விடை. 45-இலிருந்து 40-க்கு ஏறுகிறோம், அது 30-இன் வலது பிள்ளை. 30-க்கு ஏறுகிறோம், அது 50-இன் இடது பிள்ளை. எனவே விடை 50. இதை இவ்வாறு எழுதலாம் (க என்பது கொடுக்கப்பட்ட கணு, பெ அதன் பெற்றோர்):

பெ = க.பெற்றோர்
பெ இருந்து, க என்பது பெ.வலது ஆகவும் இருக்கும்வரை:
    க = பெ
    பெ = க.பெற்றோர்
பெ-ஐத் திருப்பி அனுப்பு

80-ஐக் கொடுத்தால் இந்த மடக்கு மரத்தின் உச்சிக் கணுவான வேரையும் தாண்டி வெறுமையில் (null) முடியும். மரத்தின் மிகப் பெரிய மதிப்புக்கு அடுத்தது இல்லை என்பதால் அதுவே சரியான விடை. இன்னொன்று: க, பெ.வலது இரண்டையும் சுட்டிகளாகவே ஒப்பிடுங்கள். மதிப்புகளை ஒப்பிட்டால், ஒரே மதிப்பு இருமுறை வரும் மரத்தில் இதே தொல்லை வேறு உருவில் திரும்பி வரும்.

கேட்டவர்

மிக்க நன்றி, இப்போது 80 வரை அச்சிட்டு நிற்கிறது. பெற்றோர்ச் சுட்டி இல்லாத மரத்தில் இதை எப்படிச் செய்வது?

மறுமொழி 2

மேலே ஏற வழியில்லை என்றால் வேரிலிருந்து இறங்குங்கள். நிற்கும் கணுவின் மதிப்பு தேடும் மதிப்பைவிடப் பெரியதாயின், அதை இப்போதைய விடையாகக் குறித்துக்கொண்டு இடப்புறம் செல்லுங்கள். சமமோ சிறியதோ ஆயின், எதையும் குறிக்காமல் வலப்புறம் செல்லுங்கள். 45-க்கு, 50 குறிக்கப்படுகிறது. பிறகு 30, 40, 45 ஆகிய மூன்றிலும் வலப்புறம் திரும்பி வெறுமையை அடைகிறோம். கையில் இருப்பது 50. வலது துணைமரம் உண்டா என்று தனியே கேட்கவே தேவையில்லை என்பதால், எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். ஆனால் மதிப்புகள் திரும்ப வராத மரத்துக்கே இது பொருந்தும்.

மறுமொழி 1

முழு மரத்தையும் வலம்வர அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஒவ்வொரு அழைப்பும் வேரிலிருந்து தொடங்குவதால், சமநிலையான மரத்திலும் n கணுக்களுக்கு n லாக் n அளவுக்கு வேலை பிடிக்கும். பெற்றோர்ச் சுட்டி இருந்தால், தனியொரு அழைப்பு மரத்தின் உயரம் அளவுக்கு நீளலாம் என்றாலும், முழு வலத்தில் ஒவ்வொரு கிளையையும் இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையும் மட்டுமே கடக்கிறோம். உங்கள் 9 கணுக்களுக்கு 8 கிளைகள், எனவே மொத்தம் 16 நகர்வுகளுக்கு மேல் போகாது. பெற்றோர்ச் சுட்டி இல்லாதபோது, கடந்துவந்த கணுக்களை ஓர் அடுக்கில் (ஸ்டாக்) சேர்த்து வைத்தாலும் இதே சிக்கனம் கிடைக்கும்.

கேட்டவர்

வலம்வரும்போதே சில கணுக்களை நீக்கவும் வேண்டியுள்ளது. நீக்குவதற்கு முன்பே அடுத்த கணுவைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் போதுமா?

மறுமொழி 2

நீக்கும் முறையைப் பொறுத்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள 30-ஐ நீக்கும்போது, பல நிரல்கள் அடுத்த மதிப்பான 35-ஐ 30-இன் கணுவுக்குள் நகலெடுத்துவிட்டு, பழைய 35-இன் கணுவை அகற்றுகின்றன. நீங்கள் முன்பே எடுத்து வைத்த சுட்டி, அகற்றப்பட்ட அந்தக் கணுவையே காட்டிக்கொண்டிருக்கும். ஜாவா மொழியில் இத்தகைய மரத்தைக் கொண்டு இயங்கும் ட்ரீமேப் இப்படித்தான் நகலெடுக்கிறது. ஆகவே, அதை ஒவ்வொன்றாக வலம்வர உதவும் இட்டரேட்டர், நீக்கப்படும் கணுவுக்கு இரண்டு பிள்ளைகளும் இருந்தால், அந்தக் கணுவையே அடுத்ததாக வைத்துக்கொள்கிறது. உங்கள் நிரலிலும் அவ்வாறு செய்யலாம். அல்லது மதிப்பை நகலெடுக்காமல், 35-இன் கணுவையே பெயர்த்து 30-இன் இடத்தில் இணைத்து, அதன் பெற்றோர்ச் சுட்டியையும் புதிய பிள்ளைகளின் பெற்றோர்ச் சுட்டிகளையும் திருத்தினால், முன்பே எடுத்து வைத்த சுட்டி செல்லுபடியாகும்.