“அக்கா, ஒரு தடவை பாருங்க”: நர்சிங் படிப்பும் முதல் வருஷ வேலையும்

ஐ.சி.யூ. நர்ஸ், திருச்சி

இந்த வருஷம் எங்கள் வார்டுக்குப் புதிதாக நான்கு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் போன வாரம் மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டால் “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்றாள். அந்த “ஒண்ணுமில்ல” எனக்கு நன்றாகத் தெரியும். 2016-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பிலோ முதல் வேலையிலோ நீங்கள் திணறிய ஒரு நாளையும், அதை எப்படித் தாண்டினீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முதலில் என்னுடையது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. உயிரியலில் நல்ல மார்க் என்பதால் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்த்துவிட்டார்கள். முதல் வாரமே அனாட்டமி. மேடம் பேசுவதில் பாதி புரியாது, கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல நோட்டில் வரைந்துகொள்வேன். முதல் இன்டர்னலில் அனாட்டமியில் 75-க்கு 19. அன்றைக்கு அப்பாவுக்கு போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவர், “இந்த ஒரு மாசம் பாரு, அப்புறம் வரேன்” என்றார்.

அந்த ஒரு மாதத்தில் என்னைக் காப்பாற்றியது விடுதியில் அடுத்த கட்டிலில் இருந்த மூன்றாம் வருஷ அக்கா. கழுத்துத் தசை ஒன்றின் பெயரை நான் நூறு தடவை எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்: ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. அக்கா நோட்டைப் பிடுங்கிவிட்டு என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். “தலையை இடது பக்கம் திருப்பு. வலது பக்கம் கயிறு மாதிரி ஒண்ணு எழும்புதா, அதைத் தொடு. கீழே எங்கே முடியுது? மார்பெலும்பு, அதான் ஸ்டெர்னம். பக்கத்துல காறையெலும்பு, அது கிளாவிக்கிள். மேலே போ, காதுக்குப் பின்னாடி புடைப்பா இருக்கே, அது மாஸ்டாய்டு. பேர்லயே அட்ரஸ் இருக்குடி.” அன்று இரவு முழுக்க என் உடம்பையே தொட்டுத் தொட்டுப் படித்தேன். பாஸ் மார்க் 50. பல்கலைக்கழகத் தேர்வில் 58 வாங்கினேன். இப்போதும் ஒரு புதுச் சொல் வந்தால் அதை உடைத்துப் பார்க்கத்தான் கை போகிறது.

படிப்பில் மீதி இருந்ததெல்லாம் உழைப்புதான். கேஸ் புக், கேர் பிளான், விளக்கேற்றும் விழா, கம்யூனிட்டி போஸ்டிங்கில் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாகப் போனது எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவரை மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு இருந்த கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், மருந்து எடுக்கும்போது யாரையும் மௌனமாக எடுக்க விடமாட்டார். நோயாளி பெயர், மருந்து, அளவு, எந்த வழி, எந்த நேரம் என்று ஐந்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “மனசுக்குள்ள சொன்னா தப்பு உனக்கு மட்டும்தான் கேட்கும்” என்பார். அப்போது எங்களுக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது.

முதல் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். சம்பளம் 9,000 ரூபாய். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருஷ பாண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்ததும் அதே காலத்தில்தான். அந்தச் செய்தி வந்த தாளை நாங்கள் நைட் டூட்டியில் சுற்றி உட்கார்ந்து படித்தோம். அந்த நாளை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சேர்ந்து மூன்றாவது மாதம். நைட், 22 நோயாளிகள், நானும் ஒரு சீனியர் அக்காவும். ஒரு பெரியவருக்கு இரவு இன்சுலின் 20 யூனிட். வார்டில் எப்போதும் இருப்பது மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயல் (சின்ன மருந்துக் குப்பி), அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அன்றைக்கு அவருடைய மகன் வெளியே மெடிக்கலிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது வேறு இன்சுலின். நான் வழக்கம்போல டிரேயில் இருந்த சிவப்பு மூடியை எடுத்து 20 கோடு வரைக்கும் இழுத்துவிட்டேன். கட்டிலுக்குப் போகும் வழியில் பழைய பழக்கத்தில் வாய் முணுமுணுத்தது: இன்சுலின், 20 யூனிட், தோலுக்கடியில். என்னமோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. திரும்பி வந்து, “அக்கா, ஒரு தடவை பாருங்க” என்றேன்.

அக்கா அன்றைக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். தலையைத் தூக்காமலே கேட்டார்: “மூடி என்ன கலர்?”

“சிவப்பு.”

“வயல்ல என்ன போட்டிருக்கு?”

எழுத்து மிகச் சிறியது. விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். மில்லிக்கு 100 யூனிட்.

அக்கா எழுந்து வந்து சிரிஞ்சை வாங்கினார். சிவப்பு மூடியில் 20 கோடு என்றால் அரை மில்லி. 100 யூனிட் வயலிலிருந்து அரை மில்லி இழுத்தால் உள்ளே இருப்பது 50 யூனிட். 20 கொடுக்க வேண்டிய இடத்தில் 50. அந்தப் பெரியவர் தூங்கப் போகிறார். விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து வேர்த்துக் கொட்டினால்கூட, சட்டை நனைந்திருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா திட்டவில்லை. மருந்தைக் கொட்டிவிட்டு, 100 யூனிட் வயலுக்கு உரிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார். மறுபடியும் இழுத்து, வாய்விட்டுச் சொல்லி, அவர் பார்த்த பிறகு போட்டேன். காலை ஐந்து மணிக்குச் சர்க்கரை 142. அந்த எண் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகுதான் மருந்து அறைக்குப் போய் அழுதேன்.

ஸ்டாஃப் நர்ஸ் (ஆண்), மதுரை

நான் படித்தது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ, மூன்று வருஷம். எங்கள் செட்டில் ஆண்கள் ஐந்து பேர். வார்டுக்குள் போனால் முதலில் “டாக்டர்” என்பார்கள். நர்ஸ் என்று சொன்னதும் முகம் மாறும். அப்புறம் “பிரதர்” என்று பழகிவிடுவார்கள். பெண்கள் வார்டில் எந்த வேலையானாலும் ஒரு சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டுதான் செய்வேன். அது எனக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

நான் திணறியது ஐ.வி. லைனில், அதாவது குளுக்கோஸ் ஏற்ற நரம்பில் ஊசி வைப்பதில். அரசு மருத்துவமனைப் போஸ்டிங். வயிற்றுப்போக்கில் துவண்டுபோய் ஒரு தாத்தா வந்திருந்தார். கையில் ஒரு நரம்பும் தெரியவில்லை. ஒரு தடவை குத்தினேன், வரவில்லை. இரண்டாவது தடவையும் போயிற்று. இரண்டுக்கு மேல் ஒருவரே குத்தக் கூடாது, ஆள் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் கூடப் படிக்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஷத்தில் மூன்றாவது ஊசியைப் பிரித்துவிட்டேன்.

பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார். “தம்பி, அவரு கைய கட்டிலுக்குக் கீழ தொங்கப் போடுப்பா. நான் வெந்நித் துணி கொண்டாரேன்.” இரண்டு நிமிஷம் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைத்தார். முன்கையின் வெளிப்பக்கம் நீலமாக ஒரு கோடு மெல்ல எழும்பியது. அப்போதும் நான் குத்தவில்லை. போய் ஸ்டாஃப் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்து நீல நிற 22-ஆம் எண் கேனுலாவை (நரம்பில் வைக்கும் குழாய் ஊசி) சாய்த்து விட்டார். பின்னால் இருக்கும் அறையில் சின்னதாக ரத்தம் எட்டிப் பார்த்தது. தோலை இழுத்துப் பிடிக்காததால்தான் எனக்கு நரம்பு நழுவியிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

இருபது வருஷமாக அந்த வார்டில் இருந்தவர் அந்த ஆயாம்மா. புதிதாக வருகிற பிள்ளைகள் அவர்களையெல்லாம் மதிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், ராமநாதபுரம் மாவட்டம்

நான் 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் வந்தவள். அப்போது மாதம் 7,700 ரூபாய். எங்களுடையது 24 மணி நேர நிலையம். ராத்திரியில் ஒரு நர்ஸ், ஒரு பணியாளர் அக்கா, போனில் டாக்டர்.

படிக்கும்போது 20 சுகப்பிரசவம் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருந்தேன். எல்லாவற்றிலும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். தனியாகப் பார்த்த மூன்றாவது பிரசவத்தைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது குழந்தை, வரும்போதே கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. வேறெங்கும் அனுப்ப நேரமில்லை. அதிகாலை 2.10-க்குப் பிறந்தது. அழவில்லை. உடம்பு தொய்ந்து நீலமாக இருந்தது.

கொடியை வெட்டி, குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரில் போட்டேன். துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயையும் அப்புறம் மூக்கையும் உறிஞ்சினேன். ஒன்றுமில்லை. முதல் நிமிஷத்துக்குள் மாஸ்க்கோடு இருக்கும் காற்றுப் பையை வைத்து மூச்சு கொடுக்க வேண்டும் என்பது என்.எஸ்.எஸ்.கே. என்ற பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்தது. வைத்தேன். அழுத்தினேன். நெஞ்சு எழும்பவில்லை. அந்த நொடியில் எனக்குத் தலை வெறுமையாகிவிட்டது. அக்காவிடம் சத்தமாகச் சொன்னேன்: “அக்கா, நெஞ்சு ஏறல. 108-க்குப் போடுங்க, அப்புறம் பக்கத்துல வந்து எண்ணுங்க.” வாயால் சொன்ன பிறகுதான் அடுத்தது ஞாபகம் வந்தது. கழுத்து மடங்கியிருக்கிறது, மாஸ்க் ஓரத்தில் காற்று போகிறது. கழுத்தை லேசாக நிமிர்த்தி, தாடையைப் பிடித்து மாஸ்க்கைச் சரியாக அழுத்தினேன். அக்கா “அமுக்கு, ரெண்டு, மூணு” என்று எண்ண, அந்தத் தாளத்துக்கு நான் அழுத்தினேன். நெஞ்சு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் முதலில் ஒரு முனகல், அப்புறம் அழுகை.

தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியைப் போட்டது அந்த அழுகைக்கு நடுவில்தான். தனியாக இருந்தால் எது முதலில், எது அடுத்தது என்று மூளை இரண்டாகப் பிளந்துவிடும். குழந்தை அழுதுவிட்டாலும் 108-இல் மாவட்ட மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினோம். வண்டி போன பிறகு கேஸ் ஷீட்டில் பிறந்த நேரத்தை எழுத உட்கார்ந்தேன். 2 எழுத வரவில்லை. மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நர்சம்மா, நான் எண்ணினது சரியா இருந்துச்சா?” என்று கேட்டார்.

இங்கிலாந்திலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன், டூட்டிக்குப் போக வேண்டும். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, சி.பி.டி. என்ற கணினித் தேர்வு இரண்டையும் ஊரிலேயே எழுதினேன். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு மட்டும் இங்கே வந்துதான். ஊரில் ஆறு வருஷ அனுபவம், ஆனாலும் முதல் முறை மருந்து கொடுக்கும் பகுதியில் தோற்றேன். நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்தேன், ஒவ்வாமை எதுவும் எழுதவில்லை என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். வாயால் கேட்கவில்லை. கேட்காதது அங்கே செய்யாததாகவே எழுதப்படும். பத்து நாள் விடுதி அறையில் தலையணையை நோயாளியாக வைத்துச் சத்தமாகப் பேசிப் பழகினேன். அடுத்த முறை பாஸ்.

திருச்சி சிஸ்டர் சொன்ன இன்சுலின் விஷயம்: இங்கே பெரும்பாலும் மில்லிக்கு 100தான், 40 கிடையாது. யூனிட் என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதவும் விடமாட்டார்கள். அந்த எழுத்தைப் பூஜ்யமாகப் படித்துப் பத்து மடங்கு போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. முழுச் சொல்லாகத்தான் எழுத வேண்டும். ஊரிலும் இதை நாமே செய்யலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இரண்டாம் வருஷ மாணவி

எல்லாவற்றையும் படித்தேன் அக்கா. ஒன்று கேட்க வேண்டும். எங்கள் போஸ்டிங் வார்டில் ஒரு சீனியர், எதைக் கேட்டாலும் “இது கூடத் தெரியாதா, என்ன படிச்ச?” என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். அதனால் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். என்ன செய்வது?

ஐ.சி.யூ. நர்ஸ், திருச்சி

கேட்பதை விடாதே தங்கம். கேட்கும் விதத்தை மாற்றிப் பார். வெறுங்கையோடு போய் “இது எப்படி சிஸ்டர்?” என்று நிற்காதே. வயலும் சிரிஞ்சும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். “சீட்டில் 20 யூனிட், வயல் 100, சிரிஞ்சு 100, நான் இவ்வளவு இழுத்திருக்கிறேன், ஒரு தடவை பாருங்க” என்று சொல். பார்க்காமல் திட்டினால் அடுத்த சிஸ்டரிடம் போ. அவரும் இல்லையென்றால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடு. சந்தேகம் தீராமல் ஊசியைப் போடாதே, மருந்து அரை மணி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஏன் தாமதம் என்பதை நேரத்தோடு நர்ஸ் நோட்ஸில் எழுதி வை. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது தொடர்ந்தால் உன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்ல வேண்டும். அது கோள் சொல்வது ஆகாது.

மற்றவர்களும் எழுதுங்கள், மனநல வார்டிலும் டயாலிசிஸிலும் இருப்பவர்கள் முக்கியமாக. இன்றைக்கு எனக்கு நைட். அந்தப் பெண்ணும் என்னோடுதான். வார்டு ஃபிரிட்ஜில் 40 வயலும் 100 வயலும் ஒரே டிரேயில் கிடக்கின்றன. போனதும் முதல் வேலையாக இருவரும் சேர்ந்து அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, டிரேயில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப் போகிறோம்.