புதுப்பிப்பு: மஞ்சளாகிப்போன மிளகாய்ச் செடிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் பாலிபேக்கில் வைத்த மிளகாய்ச் செடிகளின் அடி இலைகள் மஞ்சளாகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியா போடச் சொல்லி நிறைய பேர் பதில் எழுதினீர்கள். போடவில்லை, காரணம் சொல்கிறேன்.

ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நரம்பெல்லாம் நல்ல பச்சை, நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சள். தழைச்சத்து குறைந்தால் அடி இலை முழுசாக வெளுக்கும். நுனியில் இளந்தளிர் இப்படி ஆனால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். அடி இலையில் இப்படி வந்தால் பெரும்பாலும் மெக்னீசியம்தான். செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுப் பழகிய பக்கத்து வீட்டு அண்ணனும் பார்த்தவுடன், "கீசரைட் பத்தல" என்றார். அதுவும் மெக்னீசிய உப்புதான்.

சாம்பல் நிறைய போட்டு வந்தேன். அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம். அது மிஞ்சினால் வேர் மெக்னீசியத்தை எடுக்காது. நம் மழை வேறு, பையில் இருப்பதையும் அலசிக்கொண்டு போய்விடும்.

சரி, சாம்பலை நிறுத்தினேன். மெக்னீசியம் உள்ள எப்சம் உப்பை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கமும் நனைய அடித்தேன். பழைய இலைகள் முழுதாகத் தேறவில்லை, ஆனால் புதுசெல்லாம் கரும்பச்சை! பூவும் பிடித்திருக்கிறது. இனி 12-12-17-2 நீல உரம்தான். முதல் மூன்று எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம், கடைசி 2 மெக்னீசியம். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், பையின் ஓரமாகத் தூவுங்கள்.