1862 லண்டன்: பாய்லர் அறையில் சண்டை, பலூனில் தப்பித்தல். எங்கே இடிக்கிறது?

கரிப்புகை (கேள்வி)

விக்டோரியா காலத்து அறிவியல் புனைகதை ஒன்று எழுதுகிறேன். 1862 அக்டோபர், லண்டன் டெப்ட்ஃபர்டில் தேம்ஸ் கரையோரம் ஒரு பட்டறை. கணிதர் சார்லஸ் பாபேஜின் வித்தியாச இயந்திரத்தின் (பல்சக்கரங்களால் கணக்குப் போடும் கருவி) ஒரு பகுதி அந்த வருடம் லண்டன் கண்காட்சியில் இருந்தது. அதைப் பார்த்த ஒருவன், பாபேஜ் திட்டமிட்டும் கட்டி முடிக்காத பகுப்பாய்வு இயந்திரத்தையே நீராவியில் ஓடும்படி ரகசியமாகக் கட்டிவிட்டான் என்பது கற்பனை. அதை இயக்கும் துளையட்டைகளை (கட்டளைகளைத் துளைகளாகக் கொண்ட அட்டைகள்) கதாநாயகி திருடுகிறாள், மாட்டிக்கொள்கிறாள்.

காட்சி இப்போது இப்படிப் போகிறது. அவன் ரிவால்வரால் எட்டு முறை சுடுகிறான். அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வை அவள் பாய்லரில் கட்டிவிட்டு ஓடுகிறாள், ஒரு நிமிடத்தில் பாய்லர் வெடிக்கிறது. முற்றத்தில் பலூனை நிரப்பி ஏறுகிறாள். அவன் சுட்டதும் பலூன் வெடித்து ஆற்றில் விழுகிறது. கரையில் காவலர் விசில் ஊதுகிறார். படித்தவர்கள் யாரும் நம்பவில்லை. எதை மாற்றலாம்?

கொதிகலன்

பாய்லர் ஒரு நிமிடத்தில் வெடிக்காது. அந்தக் காலத்துப் பட்டறையில் இருக்கக்கூடியது லங்காஷயர் பாய்லர், உள்ளே இரண்டு அடுப்புக் குழாய் கொண்டது. 28 அடி நீளம், 7 அடி விட்டம் என்று வைத்தால் உள்ளே 15 டன் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட 145 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அழுத்தம் இரட்டிப்பாக வேண்டுமானால் அத்தனை தண்ணீரும் இன்னும் 20 டிகிரி சூடாக வேண்டும். இரண்டு அடுப்பும் முழு வீச்சில் எரிந்தாலும் கால் மணி நேரமாவது ஆகும். நல்ல நிலையில் இருக்கும் பாய்லர் அப்போதும் வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

உங்களுக்கு வேண்டியது வெடிப்பு இல்லை, மறைப்பு. அதற்கு கேஜ் கிளாஸ் போதும். பாய்லரின் முகப்பில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அது, ஒரு அடி நீளம், விரல் தடிமன். கரி அள்ளும் மண்வெட்டியின் காம்பால் ஒரு தட்டு. மேல் முனையிலிருந்து நீராவியும் கீழ் முனையிலிருந்து கொதிநீரும் பீறிடும். வெளியே வந்ததும் கொதிநீரில் ஒரு பகுதி நீராவியாக மாறுவதால் சின்ன அறை சில நொடிகளில் வெளுத்துவிடும். நிறுத்த வேண்டுமானால் மேலும் கீழும் உள்ள இரண்டு காக்குகளையும் (திருகி அடைக்கும் குழாய்கள்) மூட வேண்டும். கை வைக்க வேண்டிய இடமே பீறிடும் இடத்துக்குப் பக்கத்தில்தான். பாய்லருக்குக் கரி போட்டுப் பழகிய ஃபயர்மேன் செய்வார். இயந்திரம் கட்டியவனுக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

எழுதும்போது மறக்கக்கூடாதது: உடைந்த இடத்தை ஒட்டி நீராவி கண்ணுக்குத் தெரியாது, சற்றுத் தள்ளித்தான் வெள்ளையாகும். தெளிவாக இருக்கிறதே என்று அங்கே கை நீட்டினால் வெந்துபோகும். மேகம் கூரையில் தொடங்கிக் கீழே இறங்கும். ஆகவே அவள் தரையோடு தவழ்ந்து போகட்டும், அவன் நின்றபடி தேடட்டும். அவளது கம்பளி உடையில் கொதிநீர் பட்டால் துணி சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடனே கழற்றி எறிய வேண்டும். உள்ளே எஃகு வளையம் வைத்த கிரினோலின் பாவாடையும் அந்தக் காலத்து வழக்கம்தான். அதோடு தவழ முடியாது. முதலிலேயே கழற்ற வைத்துவிடுங்கள்.

பழந்துப்பாக்கி

எட்டு குண்டு கிடையாது. பிரிட்டிஷ் ராணுவம் 1856-இல் ஏற்றுக்கொண்ட பியூமான்ட்-ஆடம்ஸ் ரிவால்வரைக் கொடுத்தால் ஐந்து. கோல்ட் நேவி என்றால் ஆறு, ஆனால் ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆடம்ஸில் விசையை இழுத்தாலே போதும், கைகலப்புக்கு அதுதான் சரி.

ஐந்தும் தீர்ந்தால் திரும்ப நிரப்புவது சண்டைக்கு நடுவில் நடக்காது. துப்பாக்கி உருளையின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்து, குண்டு, இடித்து இறுக்குவது, மேலே கொழுப்பு, பின்னால் சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் செம்புக் கேப். நிதானமாக உட்கார்ந்து செய்தாலே சில நிமிடம். புகையில்லா வெடிமருந்து வந்தது 1880-களில்தான். எனவே மூடிய அறையில் மூன்றாவது குண்டுக்குள் வெண்புகை கண்ணை மறைக்கும், தொண்டையில் கந்தகம் கரிக்கும். அதில் நீராவியும் சேர்ந்தால் அவன் குறி பார்ப்பது அவள் இருமும் சத்தத்தைத்தான். கேப்பில் ஈரம் ஏறினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஆடம்ஸில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும், ஆகவே அவளுக்குக் கிடைப்பது அரை நொடி. முழுத் துப்பாக்கியும் நின்றுபோனதாக எழுதாதீர்கள்.

காவலரின் விசில் தவறு. லண்டனில் விசில் வந்ததும் 1880-களில்தான். 1862-இல் மரத்தால் ஆன கிலுகிலுப்பையைச் சுழற்றுவார்கள். அந்தக் கடகட சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்பதாக வைத்தால் காட்சிக்கு நல்லது.

வளிக்கூண்டு

பலூனில்தான் பெரிய பிழைகள் இருக்கின்றன.

ஓடிவந்து நிரப்ப முடியாது. கேஸ் குழாயிலிருந்து நிலக்கரி வாயு ஏற்றப் பல மணி நேரம் ஆகும். ஆகவே அவன் விடியலில் தப்பிக்கத் தனக்கென்று நிரப்பிவைத்த பலூனாக இருக்கட்டும், அவளுக்கு அது தற்செயலாகக் கிடைக்கட்டும். 30,000 கன அடி போதும். 1,000 கன அடி நிலக்கரி வாயு சுமார் 40 பவுண்டு தூக்கும், ஹைட்ரஜனில் பாதியைவிடச் சற்று அதிகம். மொத்தம் 540 கிலோ. உறை, வலை, கூடை, கயிறு, நங்கூரம் எல்லாம் 250 என்று வையுங்கள். மீதி ஆட்களும் மணல் மூட்டைகளும்.

குண்டு பட்டால் வெடிக்காது. உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. உச்சியில்கூட வெளிக்காற்றைவிட 8 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான் கூடுதல். ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை உச்சியிலேயே விழுந்தாலும் நொடிக்கு ஒரு லிட்டர் போகும், மணிக்கு இரண்டு கிலோ தூக்குதிறன். உள்ளே போன ஓட்டை, வெளியே வந்த ஓட்டை இரண்டையும் சேர்த்தாலும் அரை மூட்டை மணலைக் கொட்டிச் சமாளிக்கலாம்.

உண்மையான ஆபத்து கழுத்தில் இருக்கிறது. நிரப்பி முடித்ததும் காற்று கலக்காமலிருக்க அடிக்கழுத்தைக் கட்டிவைப்பார்கள், கிளம்பியதும் அவிழ்க்க வேண்டும். மேலே போகப்போக வாயு விரியும். கழுத்து கட்டியபடி இருந்தால் உறை கிழிந்துவிடும். அவளுக்கு இது தெரியாது என்று வையுங்கள். உறை விறைத்து, தையல் முனகும்போது கூடைக்கு மேலே கயிறுகள் சேரும் வளையத்தில் ஏறி முடிச்சை அறுக்கிறாள். அறுத்ததும் வாயு நேராக முகத்தில் கொட்டும். அதில் 5 முதல் 10 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. தலைவலி, கால் தளர்ச்சி, பிடி நழுவல். அதே வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி வானிலை ஆய்வாளர் கிளேஷரும் பலூனோட்டி காக்ஸ்வெல்லும் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து பலூனில் ஏறியபோது, இறங்குவதற்காக வாயுவை வெளியே விடும் உச்சி வால்வின் கயிறு சிக்கிக்கொண்டது. காக்ஸ்வெல் வளையத்தில் ஏறினார், குளிரில் கை மரத்துப்போனதால் பல்லால் கயிற்றை இழுத்தார். அடுத்த மாதம் நடக்கும் கதையில் அவள் அதைச் செய்தித்தாளில் படித்திருக்கலாம்.

இன்னொன்று: எதிராளி கூடையைப் பற்றித் தொங்கட்டும். அவன் எடையோடு பலூன் ஆற்றுக்கு மேல் தாழ்வாக இழுபடும். கை நழுவி அவன் விழுந்ததும் 70 கிலோ குறையும், நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் எழும்பும். கழுத்துப் பிரச்சினை அப்போதுதான் வர வேண்டும். அவன் விழுவதற்கு முன்பு அவளுக்கு நேரமும் இருக்காது, காரணமும் இருக்காது.

கரிப்புகை

நன்றி. முற்றத்திலிருந்து அவன் கடைசி குண்டைச் சுட்டால் வாயு பற்றிக்கொள்ளுமா? அட்டைகள் நீராவியில் என்னாகும்?

வளிக்கூண்டு

உறைக்குள் காற்று கலக்காத வாயு எரியாது, கழுத்து கட்டியிருக்கும்வரை பெரிய பயமில்லை. கழுத்தை அவிழ்த்த பிறகு பக்கத்தில் துப்பாக்கியின் வாய்த்தீ பட்டால் பற்றும். எனவே சுடுவதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தேம்ஸ் கரையில் தென்மேற்குக் காற்று என்றால் எசெக்ஸ் சதுப்பு நிலம் பக்கம் கொண்டுபோகும், அதற்கு அப்பால் கடல். சீக்கிரம் வால்வை இழுத்து இறங்க வேண்டும். ஆனால் வால்வின் விளிம்பில் கொழுப்புப் பசை பூசியிருக்கும். ஒருமுறை திறந்தால் அது உடைந்து, மறுபடி சரியாக அடையாமல் கசியும். குண்டு ஓட்டையைவிட இதுதான் அவளை இறக்கும்.

கொதிகலன்

அட்டைகள் தடித்த காகித அட்டை, நூலால் கோத்தவை. ஈரம் பட்டால் உப்பி வளையும், துளை இடம் மாறினால் இயந்திரத்தின் ஊசி நுழையாது. கண்ணாடியை உடைப்பதற்கு முன்பே மெழுகுத்துணியில் சுற்றி இறுக்கிக் கட்டட்டும். 20 கிலோ கட்டு என்றால் ஒரு மூட்டை மணலுக்கு மேல். சதுப்பு நிலம் நெருங்கும்போது மணல் தீர்ந்திருந்தால் கூடையில் கொட்ட மிஞ்சுவது அதுதான்.