சைற்றேஷனுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவின் கடிதங்களை இத்தனை நாளும் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் இங்கே ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் உரையாற்ற வருகிறார். டெங்கு, எலிக்காய்ச்சல் பற்றி ஆய்வு செய்பவர். அவரைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் தமிழில் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். நான் எழுதிய வாக்கியம் இது:

"டெங்குத் தாக்கம் பற்றிய இவரது ஆய்வுகள் பெருந்தாக்கம் செலுத்தியதுடன், தாக்கக் காரணி கூடிய சஞ்சிகைகளில் வெளியாகி அதிக மேற்கோள்களைப் பெற்றுள்ளன."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், அவருக்கும் டெங்கா?" என்று கேட்டா. உயர்தரம் படிக்கும் தம்பிக்குத் தாக்கம் என்றால் இரசாயனப் பாடத்தில் அமிலமும் மூலமும் சேர்வதுதான். இம்பக்ட் ஃபக்டர் (சஞ்சிகைக்குப் போடும் புள்ளி, நான் தாக்கக் காரணி என்று எழுதியது), சைற்றேஷன் (ஓர் ஆய்வுக் கட்டுரையை இன்னொரு கட்டுரை குறிப்பிடுவது), எச் இன்டெக்ஸ் (ஆய்வாளருக்குப் போடும் ஏதோ ஓர் எண்) மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், தாக்கத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் மேற்கோள். அந்தச் சொல்லையே நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் வார்த்திகத்தை, அதாவது அதன் விளக்கப் பகுதியை, எடுத்துப் பாருங்கள். மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரிசை. அங்கே மேற்கோள் என்பது நிறுவப்படவேண்டிய கூற்று. அதற்குத் துணையாக வருவது எடுத்துக்காட்டு. இன்றைக்கோ துணைக்கு வருவதை மேற்கோள் என்கிறோம்.

நன்னூல் பாயிரத்திலும் "முன்னோரின் வேறுநூல் செய்தும் எனும் மேற்கோள் இல் என்பதற்கும்" என்று வருகிறது. அங்கே அது உறுதிப்பாடு, கொள்கை. இதில் ஒரு வேடிக்கை, அந்தச் சூத்திரம் சொல்வதே பழைய சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்ற காரணத்தை. அதாவது நீங்கள் கேட்கும் சைற்றேஷனைப் பற்றித்தான் பவணந்தியார் பேசுகிறார், ஆனால் மேற்கோள் என்ற சொல்லை வேறு பொருளில் வைத்துக்கொண்டு!

1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் இருந்திருந்தால் இதை ஒரு மாலைக்குள் தீர்த்திருப்பார்.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

மாஸ்டர், அடிகளார் தீர்த்திருப்பார், நாங்கள் ஆறு மாலை எடுப்போம். சைற்றேஷன் நடைமுறையில் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்கோள் என்றால் வாசகர் மனதில் இரட்டைக் குறிக்குள் வரும் வாசகம்தான் தோன்றும். மருத்துவக் கட்டுரைகளில் யாரும் யாருடைய வாசகத்தையும் அப்படி எடுப்பதில்லை. வாக்கியத்தின் முடிவில் ஓர் எண் போடுவோம், அவ்வளவுதான். அந்த எண் எதற்காகவும் இருக்கலாம். உலகிலேயே அதிகம் சைற் செய்யப்பட்ட கட்டுரை 1951 இல் லோரியும் கூட்டாளிகளும் எழுதியது. புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை பற்றியது. 2014 இல் கணக்கெடுத்தபோது 300,000 தடவைக்கு மேல். அதைப் பாராட்டியா போட்டார்கள்? "இந்த முறைப்படி அளந்தோம்" என்று சொல்லத்தான். சமையல் குறிப்பு மாதிரி.

மறுபக்கம், 1998 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு வந்த கட்டுரை. 2010 இல் அதை இதழே மீளப்பெற்றது. அதையும் ஏராளமானோர் சைற் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிழை என்று காட்டுவதற்காக. கணக்குப் பார்க்கும் கணினிக்கு ஏச்சும் ஒன்று, புகழ்ச்சியும் ஒன்று. ஆகவே சான்று, ஆதாரம், துணை என்ற நல்ல பெயர்களைக் கொடுத்து ஏமாறவேண்டாம்.

வந்தாறுமூலை, விரிவுரையாளர்:

அப்படியானால் நடுநிலையான சொல் சுட்டு. அ, இ, உ போல. அங்கே ஒன்று இருக்கிறது என்று விரல் நீட்டுவது மட்டும்தான், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. வகுப்பில் நான் "இந்தக் கட்டுரை நாற்பது தடவை சுட்டப்பட்டுள்ளது" என்றுதான் சொல்கிறேன். இன்டெக்ஸுக்கு நம்மிடம் ஏற்கெனவே சுட்டெண் இருக்கிறது. நுகர்வோர் விலைச்சுட்டெண் என்று பத்திரிகையில் வருகிறதே.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

சேர், அப்போது சைற்றேஷன் இன்டெக்ஸ் என்பது "சுட்டுச் சுட்டெண்" ஆகிவிடும். சொல்லிப் பார்த்தேன், நாக்குச் சுழுக்குகிறது.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

அதோடு "சுட்ட கட்டுரை" என்றால் களவெடுத்த கட்டுரை. இளம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். "இவரை அறுநூறு பேர் சுட்டிருக்கிறார்கள்" என்று மட்டக்களப்பில் ஒரு டொக்டரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்க முடியுமா? எங்கள் வயதுக்காரர் வாசித்தால் முதலில் எது ஞாபகம் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

வந்தாறுமூலை, விரிவுரையாளர்:

அதை யோசிக்கவில்லை. சரி, விடுகிறேன்.

அக்கரைப்பற்று, பள்ளி அதிபர்:

ஸலாம், வணக்கம். டொக்டர் ஆதாரம் வேண்டாம் என்கிறார். நாங்கள் ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, எழுதிவிட்டு அடியில் தொகுத்தவர் பெயரைக் காட்டி "ஆதாரம்: புகாரி" என்று போடுவோம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அவருடைய பயமும் எனக்கு விளங்குகிறது. ஹதீஸ் கலையில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு நிற்பதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் உள்ளவரா என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் பார்ப்பார்கள். பலவீனமான ஹதீஸையும் எழுதி வைப்பார்கள், பலவீனமானது என்று அடையாளம் போட்டு. விஞ்ஞானிகள் எண்ணிவிட்டு அடையாளத்தை விட்டுவிட்டார்கள் போல.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

நானா, நீங்கள் சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். விஞ்ஞானக் கட்டுரைகளின் சைற்றேஷன்களை அட்டவணைப்படுத்தும் யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1955 இல் எழுதியபோது முன்மாதிரியாகக் காட்டியது அமெரிக்க வழக்கறிஞர்கள் வைத்திருந்த ஒரு சட்ட அட்டவணையை. 1873 முதல் இருந்து வருவது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிமன்றம் ஏற்றதா, தள்ளியதா, வேறுபடுத்திப் பார்த்ததா என்று அதில் குறிப்பு இருக்கும். 1964 இல் விஞ்ஞான அட்டவணை வெளிவந்தபோது எண்ணிக்கை வந்து சேர்ந்தது, அந்தக் குறிப்பு சேரவில்லை.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்தக் குறிப்பு எங்களிடம் இருந்தது! நன்னூல், எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கருத்துகளைக் கையாளும் ஏழு வழி. உடன்படல், மறுத்தல், "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவே". அதாவது பிறர் கருத்தை முதலில் மேலே எடுத்து வைத்துவிட்டு அப்புறம் களைவது. டொக்டரின் தடுப்பூசிக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? பிறர்நூல் குற்றம் காட்டலும் அந்த ஏழில் ஒன்று. மேற்கொண்டு என்ற சொல்லும் அங்கேயே இருப்பதால், நான் முதல் கடிதத்தில் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஏற்பதற்கும் களைவதற்கும் பொதுவாக ஒன்றை எடுத்து வைப்பதே மேற்கோள் என்று கொண்டால் அது நிற்கும்.

இன்னொன்று. தன் கட்டுரையைத் தானே சைற் செய்வதற்குச் சொல் தேடுவீர்கள். நன்னூலின் முப்பத்திரண்டு உத்தியில் "தன் குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்" என்று ஒன்று இருக்கிறது, தன் குறியீட்டைத் தானே அடிக்கடி எடுத்துச் சொல்வது. பவணந்தியார் அதைக் குற்றத்தில் சேர்க்காமல் உத்தியில் சேர்த்தது விஞ்ஞானிகளின் அதிர்ஷ்டம்.

தொல்காப்பியர் "என்ப", "என்மனார் புலவர்" என்று போய்க்கொண்டே இருப்பார், எந்தப் புலவர் என்று சொல்லமாட்டார். இன்றைய சஞ்சிகைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

மாஸ்டர், நாளை வியாழன். எச் இன்டெக்ஸை யாராவது தொடுங்கள். அது என்ன என்றே எனக்குச் சரியாகத் தெரியாது.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

2005 இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் சொன்னது. ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். கூடியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 12, 8, 5, 3, 1 தடவை எடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது கட்டுரைக்கு 3 வேண்டும், 5 இருக்கிறது, போதும். நாலாவதுக்கு 4 வேண்டும், 3 தான் இருக்கிறது, போதாது. ஆகவே அவருடைய எண் 3. முதல் கட்டுரை 12 அல்ல 12,000 தடவை எடுக்கப்பட்டிருந்தாலும் 3 தான். ஒன்றிரண்டு பெரிய காரியம் செய்துவிட்டு ஓய்ந்தவருக்கு இந்த எண் நீதி செய்யாது.

வந்தாறுமூலை, விரிவுரையாளர்:

வரிசை எண்ணும் எடுக்கப்பட்ட தடவையும் சமனாகும் இடம். "சமனெண்" என்று வைக்கலாமா? இல்லாவிட்டால் ஹிர்ஷ் சுட்டெண்.

அக்கரைப்பற்று, பள்ளி அதிபர்:

சமனெண் என்றால் எங்கள் பிள்ளைகள் இரட்டை எண் என்று நினைத்துவிடும். ஹிர்ஷ் போதும். ஆளின் பெயரைச் சொன்னால் ஆரும் கோபிக்கமாட்டார்கள்.

பாண்டிருப்பு, நூலகர்:

தாமதமாக வருகிறேன். நூல் கடைசியில் உசாத்துணை என்று போடுகிறோமே, அது ஈழத்தில் எல்லோருக்கும் பழக்கம். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். ஏற்பதும் மறுப்பதும் அதற்குப் பின்னால்தான். சைற்றேஷனை உசாவல் என்றும், எத்தனை தடவை என்பதை உசாவெண் என்றும் சொல்லலாம். தூய தமிழ், குட்டிச் சொல்.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

அழகான சொல். ஆனால் "இவரது கட்டுரை அறுநூறு தடவை உசாவப்பட்டது" என்றால் பொலிஸில் விசாரித்த மாதிரி இருக்கிறது. நானும் ஒரு சொல் சொல்கிறேன்: எடுத்தாள்கை, அதாவது எடுத்து ஆள்வது. என் வாக்கு அதற்கு. வினையாக்கினாலும் உடையாது: எடுத்தாண்டார், எடுத்தாளப்பட்டது.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

எண்ணிப் பார்த்தேன். எடுத்தாள்கைக்கு நாலு பேர், தனிக் கடிதம் எழுதிய ஒருவரையும் சேர்த்து. மேற்கோளுக்கு மாஸ்டர். உசாவலுக்கு நூலகர். நான் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"டெங்குக் காய்ச்சல் பற்றிய இவரது கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுகளில் பல தடவை எடுத்தாண்டிருக்கிறார்கள்."

கீழே ஒரு சிறு கட்டத்தில் எடுத்தாள்கை எண்ணிக்கையும் ஹிர்ஷ் சுட்டெண்ணும். தாக்கக் காரணியைத் தூக்கிவிட்டேன். டொக்டர் தொலைபேசியில் விளக்கினார்: அது சஞ்சிகையின் கணக்கு, ஆளின் கணக்கல்ல. முந்திய இரண்டு வருடத்தில் அந்தச் சஞ்சிகையில் வந்தவை இந்த வருடம் எத்தனை தடவை எடுத்தாளப்பட்டன என்பதை, வந்த கட்டுரைகளின் தொகையால் பிரித்து வருவது. அதை வைத்துத் தனி ஆய்வாளரை அளக்கவேண்டாம் என்று 2012 இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஒரு பிரகடனமே எழுதியிருக்கிறார்களாம். ஒரு சொல் மிச்சம். அம்மாவும் இந்த முறை அவருக்கு டெங்கு என்று சொல்லவில்லை.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. எடுத்து ஆள்வது என்றால் பயன்படுத்துவது. பிழை என்று காட்டுவதற்காக எடுத்தவர் எதை ஆண்டார்? டொக்டர் தான் சொன்ன தடுப்பூசிக் கட்டுரையைத் தானே மறந்துவிட்டார்.

களுவாஞ்சிகுடி, டொக்டர்:

மறக்கவில்லை மாஸ்டர். களைத்துவிட்டேன்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்திலிருந்து படி வந்திருக்கிறது. கட்டத்துக்குள் இடம் போதாமல் சொல் உடைந்து, முதல் வரியில் "எடுத்தாள்", அடுத்த வரியில் "கை எண்ணிக்கை" என்று நிற்கிறது. யார் எடுத்தாள், எத்தனை கை என்று தம்பி கேட்கிறான். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மேற்கோள் நாலு எழுத்துத்தான் மகள். அந்தக் கட்டத்துக்குள் உடையாமல் இருந்திருக்கும்.