போரைச் சொல்லும் கவிதை: உங்களை உலுக்கிய இடம் எது?

வளசரவாக்கத்திலிருந்து:

மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடிப் பழைய பாடல்களை வாசிப்போம். ஒரு கூட்டத்தில், சோழன் கலிங்கத்தை வென்றதைச் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியையும் புறநானூற்றின் 63ஆம் பாட்டையும் அடுத்தடுத்து எடுத்தோம். பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதி. செத்தவர்களின் பல்தான் அரிசி, யானைக் கொம்புதான் உலக்கை. சயங்கொண்டாரின் சந்தம் இழுத்த இழுப்பில் எல்லோரும் கைதட்டினோம்.

அப்புறம் புறநானூற்றில் பரணர் பாடிய அந்தப் பாட்டு. சேரனும் சோழனும் ஒரே களத்தில் செத்துக் கிடக்கிறார்கள். யானைகள் அம்பு பட்டு, இனிச் செய்ய வேலையில்லாமல் சாய்ந்துவிட்டன. குதிரைகள் ஏறி வந்தவர்களோடு மாண்டுபோயின. முரசைத் தூக்க ஆளில்லை. அதுவரை களத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த பரணர், சட்டென்று ஊருக்குள் போகிறார். ஆம்பல் தண்டை வளையலாகப் போட்ட பெண்கள் வாய் நிறையப் பச்சை அவலை அடைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் பாய்கிறார்கள். அந்த நாடு இனி என்ன ஆகுமோ என்கிறார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அக்கா ஒருவர் எங்களோடு வாசிப்பார். அந்த இடம் வந்ததும், "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டும்" என்றார். "செத்த ஆக்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போச்சு. தண்ணியில பாய்ஞ்ச பிள்ளையளைச் சொன்னாத்தான் தாங்கேலாமக் கிடக்கு."

என்னைக் கேட்டால், பரணரின் அந்த ஒரு பிடி அவலுக்கு முன்னால் பரணியின் பிணக்குவியல் நிற்காது.

கோட்டூர்புரத்திலிருந்து:

எனக்கு அது ஈழக் கவிஞர் நுஃமானின் 'புத்தரின் படுகொலை' கவிதை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. கூக்குரலே இல்லை. கனவில் புத்தரைச் சிவில் உடைக் காவலர் சுடுகிறார்கள். நூலகப் படிக்கட்டருகே உடல் கிடக்கிறது. இரவில் வரும் அமைச்சர்கள், பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். இவரைச் சுடாமல் ஓர் ஈயைக்கூடச் சுட முடியவில்லை என்று பதில் வருகிறது. அலுவலகக் குறிப்பு போன்ற அந்த நிதானம்தான் என்னை அறைந்தது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். சுற்றிலும் அலமாரிகள், பக்கத்து மேசையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். தொடர்ந்து உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பெரம்பூரிலிருந்து:

வளசரவாக்கம் நண்பருக்கு: சரி, அவலை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரணியை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கூழ் சமைப்பதற்கு முன்பே காளி களத்தைச் சுற்றிப் பார்க்கும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பெண் புருஷனைத் தேடி வருகிறாள். "பொருதடக்கை வாளெங்கே, மணிமார்பெங்கே" என்று கேட்கிறாள். யார் வந்தாலும் புறங்கொடுக்காத தோள் எங்கே என்கிறாள். முழு உடல் கிடைக்காது என்று தெரிந்துதான் உறுப்பு உறுப்பாகக் கேட்கிறாள். கேட்பது யாரிடம்? காளியிடம். கொஞ்ச நேரத்தில் பேய்கள் சமைக்கப்போகும் கூழ் அந்தக் காளிக்குத்தான் படையல். வென்ற சோழனைப் புகழ எழுந்த நூலுக்குள் தோற்றவன் மனைவிக்கு இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார் சயங்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாழிசையை, அந்த இரண்டடிப் பாட்டை மட்டும், வேகம் குறைத்து, வாசித்துப் பாருங்கள்.